ஒற்றைக்காலில் ஒரு காமிரா

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையின் உருக்காலைப் புகைபோக்கிகளை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுக் கிழக்கே சில மைல் தூரம் சென்றால், நிலம் தாழ்ந்து, வெளுத்து, உவர்மண்ணாக மாறிவிடும். அதற்கப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் தண்ணீர். அதுதான் பழவேற்காடு ஏரி. ஒடிசாவிலுள்ள சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவின் பெரிய உவர்நீர்க் காயல் இதுவே. ஏரி பெரிது, ஆழம்தான் குறைவு. பல இடங்களில் இடுப்பளவு நீர்கூட இராது. அதனால்தான் நீண்ட கால்களையுடைய பூநாரைகள் மழைக்காலத்துக்குப் பின் இங்கே கூட்டம் கூட்டமாக வந்து இறங்குகின்றன.

ஒரு தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை. என்னோடு பத்தாம் வகுப்பு மாணவர்கள் மூவர். அண்ணாமலைச்சேரி அருகே சேற்றுக் கரையில் நின்றுகொண்டு பறவைகளை எண்ணிக் கொண்டிருந்தோம். இருநோக்கியை வைத்திருந்த மாணவி திடீரென்று, "சார், அந்தப் பறவையின் காலில் ஏதோ வளையம் இருக்கிறது!" என்றாள்.

பறவைகள் எங்கிருந்து எங்கே போகின்றன என்பதை அறிவதற்காக, ஆராய்ச்சியாளர்கள் சில பறவைகளைப் பிடித்து, எழுத்தோ எண்ணோ பொறித்த வளையத்தைக் காலில் மாட்டி விட்டுவிடுவார்கள். நம் நாட்டில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இந்தப் பணியை நெடுங்காலமாகச் செய்து வருகிறது. வளையத்தின் எழுத்துக்களை யாராவது படித்துச் சொன்னால்தான் அந்த உழைப்புக்குப் பயன் உண்டு. அருகில் போகலாம் என்றால் முடியாது. நூறு மீட்டருக்குள் நெருங்கினால் ஒரு பறவை தலை தூக்கும். பிறகு கூட்டமே எழுந்து பறந்துவிடும். அப்படிக் கிளப்பிவிடுவது அவற்றின் இரை தேடும் நேரத்தைத் திருடுவதுமாகும். எனவே இருந்த இடத்திலிருந்தே படம் எடுத்தேன். 400 மில்லிமீட்டர் லென்ஸ். காமிராவோடு சேர்த்து இரண்டு கிலோ. பன்னிரண்டு படங்கள் எடுத்தேன். வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தால் பன்னிரண்டிலும் வளையம் ஒரு வெள்ளைத் தீற்றலாகத்தான் இருந்தது.

கை நடுங்கியிருக்கிறது. எனக்கு வயதாகிவிட்டது என்பது பாதிக் காரணம்தான். மீதிப் பாதி உங்களுக்கும் பொருந்தும்.

எவ்வளவு நடுங்கினால் கெடும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வளையத்தில் உள்ள எழுத்தின் உயரம் ஒரு சென்டிமீட்டர் என்று வைத்துக் கொள்வோம். பறவை நிற்பது 100 மீட்டர் தூரத்தில். லென்சின் குவியத் தூரம் 400 மி.மீ., அதாவது 0.4 மீட்டர். அப்படியானால் காமிராவின் உள்ளே விழும் எழுத்தின் உயரம் 10 மி.மீ. × 0.4 ÷ 100 = 0.04 மி.மீ. படம் எடுக்கப்படும் நேரத்தில் அந்தப் பிம்பம் தன் உயரத்தில் கால் பங்கு, அதாவது 0.01 மி.மீ. நகர்ந்துவிட்டாலே எழுத்து குழம்பத் தொடங்கிவிடும்.

பிம்பம் 0.01 மி.மீ. நகரக் காமிரா எவ்வளவு சாய வேண்டும்? ஒரு பாகையை 3600 சமக் கூறுகளாக்கினால் கிடைப்பது ஒரு விகலை. நமக்குத் தேவையான சாய்வு சுமார் ஐந்து விகலைதான்! இது எவ்வளவு சிறியது என்பதைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துத் தெரிந்து கொள்ளலாம். நிமிட முள் நகர்வது நம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை அல்லவா? அந்த முள் ஒரு விநாடியில் 360 விகலை திரும்புகிறது. அதாவது, கண்ணுக்குத் தெரியாத அந்த வேகத்தில் காமிரா ஒரு விநாடியில் எழுபதில் ஒரு பங்கு நேரம் திரும்பினாலே போதும், நம் எழுத்து போய்விட்டது.

ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் குறைப்பது ஒரு வழி. குவியத் தூரத்தை மி.மீ.-இல் எழுதி, அதன் கீழ் ஒன்றை வகுத்தால் வரும் நேரத்துக்கு மேல் ஷட்டரைத் திறக்காதே என்பது புகைப்படக்காரர்களின் பழைய விதி. 400 மி.மீ. லென்சுக்கு 1/400 விநாடி. ஆனால் விடியற்காலையில், பனிமூட்டத்தில், அவ்வளவு குறுகிய நேரத்தில் போதுமான ஒளி காமிராவுக்குள் நுழைவதில்லை. பூநாரைகள் கரையோரம் மேய்வதோ பெரும்பாலும் அந்த நேரத்தில்தான்.

சரி, கை ஏன் நடுங்குகிறது? தசை என்பது கயிற்றைப் போல ஒரே சீராக இழுப்பதல்ல. அதில் பல நார்க் கூட்டங்கள் இருக்கின்றன. அவை முறை வைத்துக்கொண்டு மாறி மாறிச் சுருங்குகின்றன. இந்த மாற்றத்தினால், நலமாக உள்ள ஒருவருடைய கையும் விநாடிக்கு 8 முதல் 12 முறை மிக நுட்பமாக அதிர்ந்துகொண்டே இருக்கும். சுமை கூடினால் அதிர்வு கூடும். தசை களைத்தால் இன்னும் கூடும். இரண்டு கிலோ காமிராவைக் கண்ணோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஒரு பறவை தலை திரும்புவதற்காகப் பத்து நிமிடம் காத்திருந்து பாருங்கள், தெரியும். இதோடு இதயத் துடிப்பும் மூச்சும் தங்கள் பங்குக்கு உடலை ஆட்டுகின்றன.

பூநாரையிடம் ஒரு பாடம்

வேடிக்கை என்னவென்றால், நான் படம் எடுக்க முயன்ற பறவைகளில் பாதி ஒற்றைக்காலில் நின்று தூங்கிக்கொண்டிருந்தன. மணிக்கணக்கில் ஆடாமல் அசையாமல் நிற்க அவற்றால் எப்படி முடிகிறது? 2017-இல் அமெரிக்காவில் யங்-ஹுய் சாங், லீனா டிங் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் இதை ஆராய்ந்தார்கள். இறந்துபோன பூநாரையின் உடலை ஒற்றைக்காலில் நிறுத்திப் பார்த்தபோது, அது எந்தத் தசையின் உதவியும் இல்லாமல் உடலின் எடையைத் தாங்கி நிலையாக நின்றது! இரண்டு கால்களில் நிற்கும் பாங்கில் வைத்தபோதோ அவ்வாறு நிற்கவில்லை. உயிருள்ள பறவைகளும் ஒற்றைக்காலில் தூங்கும்போதுதான் குறைவாக ஆடின. காலின் அமைப்பே எடையைத் தாங்கிவிடுகிறது. தசைக்கு வேலை இல்லை. வேலை இல்லாத தசை நடுங்குவதுமில்லை.

காமிராவுக்கும் இதே உபாயம்தான். சுமையைத் தசையிடமிருந்து வாங்கி ஒரு கோலிடம் கொடுத்துவிட வேண்டும். அதற்கான கருவிக்கு மானோபாட் என்று பெயர். கிரேக்க மொழியில் 'மோனோ' என்றால் ஒன்று. 'பாட்' என்பது காலைக் குறிக்கும். காமிராவின் அடியில் திருகி மாட்டக்கூடிய, நீட்டி மடக்கக்கூடிய ஒற்றைக்கோல், அவ்வளவுதான்.

கோயில் திருவிழாவில் சுவாமி தூக்குபவர்களைப் பார்த்திருப்பீர்கள். சிலர் கையில் தலைப்பக்கம் கவட்டை வைத்த ஒரு கோல் இருக்கும். தேங்காய் உடைக்கவோ ஆரத்தி எடுக்கவோ ஊர்வலம் நிற்கும்போது, பல்லக்குத் தண்டின் அடியில் அதை முட்டுக் கொடுத்துவிட்டுத் தோளை விடுவித்துக் கொள்வார்கள். தனியாக விட்டால் அந்தக் கோல் விழுந்துவிடும். ஒரு கை அதைப் பிடித்திருக்கும். எடை முழுவதும் கோலில், சமநிலை மட்டும் கையில். மானோபாடின் தத்துவத்தை இதைவிடச் சுலபமாக விளக்க எனக்குத் தெரியவில்லை.

எடையைத் தாங்குவது ஒரு பயன். இன்னொன்று நெம்புகோல் கணக்கு. காமிராவை இரண்டு கைகளால் பிடிக்கிறீர்கள். கைகளுக்கிடையே தூரம் 12 சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு கை மற்றதைவிட ஒரு மி.மீ. தாழ்ந்தால் காமிரா 120-இல் ஒரு பங்கு சாய்கிறது. இது ஏறக்குறைய அரைப் பாகை. வானத்தில் முழுநிலவின் அகலம்! இப்போது அதே காமிராவை 145 சென்டிமீட்டர் கோலின் உச்சியில் இறுக மாட்டிவிடுங்கள். காமிரா இனித் தனியாகச் சாய முடியாது. கோலோடுதான் சாய வேண்டும். உச்சி ஒரு மி.மீ. நகர்ந்தால் சாய்வு 1450-இல் ஒரு பங்கு. பன்னிரண்டில் ஒன்றாகக் குறைந்துவிட்டது. அதுவும் கையின் துடிதுடிப்பாக இல்லாமல், மெதுவான ஊசலாட்டமாக மாறிவிடுகிறது. ஷட்டர் திறந்து மூடும் நேரத்தில் அந்த ஊசலின் ஒரு சிறு துணுக்குத்தான் படத்தில் விழும்.

இதனால் 1/400 விநாடி தேவைப்பட்ட இடத்தில் 1/100 போதும். பழகிய கையானால் 1/50 கூடப் போதும். ஒளி நான்கு மடங்கு, எட்டு மடங்கு கூடுகிறது என்று பொருள். கோலைச் சுற்றிக் காமிரா திரும்புவதை மட்டும் இது அவ்வளவாகத் தடுப்பதில்லை. அதற்கு முழங்கைகளை விலாவோடு ஒட்டி வைத்துக்கொள்ள வேண்டும்.

மூன்று கால் தாங்கி இதைவிட நிலையானது என்பதில் சந்தேகமில்லை. ஆனால் சேற்றில் மூன்று கால்களை விரித்து மட்டம் பார்த்து முடிப்பதற்குள் பறவை போய்விடும். தொல்பொருள் துறையின் பாதுகாப்பிலுள்ள சின்னங்களில் மூன்று கால் தாங்கி வைப்பதற்குத் தனி அனுமதி வேறு வாங்க வேண்டும். இக்காலத்து லென்சுகள் பலவற்றில் நடுக்கத்தை ஈடுசெய்யும் அமைப்பு உள்ளேயே இருக்கிறதே என்று கேட்பீர்கள். உண்மைதான், மிக நல்ல அமைப்பு. ஆனால் அது இரண்டு கிலோவை உங்களுக்காகத் தூக்கிக்கொண்டு நிற்காது.

நான் விழுந்த கதை

இவ்வளவும் தெரிந்தவன்தான் நான். எனவே அந்த வாரமே ஒரு கோல் வாங்கினேன். நடப்பதற்கு ஊன்றுகோல், நிறுத்தினால் காமிரா தாங்கி. மடக்கினால் பைக்குள் அடங்கும். உச்சியில் உள்ள உருண்டையைத் திருகி எடுத்தால் காமிராவின் மரை தெரியும். முழங்கால் வலி உள்ள எனக்கு வேறென்ன வேண்டும்? ஐந்து கணுக்கள், இறகு போன்ற எடை. வாங்கும்போது கையில் தூக்கித் தூக்கிப் பார்த்து மகிழ்ந்தேன்.

அடுத்த ஞாயிறு, ஏரிக் கரைச் சரிவில் இறங்கும்போது வலது கால் வழுக்கியது. கோலின் மேல் சாய்ந்தேன். கோல் முறியவில்லை, வளையவுமில்லை. ஒரு கணு மற்றொரு கணுவுக்குள் அமைதியாகச் சறுக்கி உள்ளே போய்விட்டது! நான் முழங்காலில் விழுந்தேன். காமிரா கழுத்துப் பட்டையில் தொங்கியதால் தப்பியது. அருகில் படகைக் கரையேற்றிக் கொண்டிருந்த மீனவப் பெரியவர் ஓடி வந்து தூக்கிவிட்டார். என் கோலை வாங்கி ஒரு முறை தரையில் குத்திப் பார்த்தார். "இது உங்களைத் தாங்கற கம்பு இல்லீங்க சார்" என்று சொல்லி, தம் படகிலிருந்த மூங்கில் கழியின் ஒடிந்த துண்டு ஒன்றை எடுத்துக் கையில் கொடுத்தார்.

அவர் சொன்னதில்தான் விஷயமே இருக்கிறது. காமிராவைத் தாங்குவது வேறு வேலை, ஆளைத் தாங்குவது வேறு வேலை. முதலாவது இரண்டு கிலோ. அதுவும் ஆடாத சுமை. இரண்டாவது, கால் வழுக்கும் அந்த ஒரு கணத்தில், அறுபது கிலோ. முப்பது மடங்கு! பெட்டியில் 'தாங்கும் எடை' என்று அச்சிட்டிருப்பது காமிராவின் எடையைத்தான். அதைப் படித்து நம் எடையைப் பொருத்திப் பார்க்கிறவர்கள் என்னைப் போல் விழுவார்கள்.

என் கோலின் கணுக்களைப் பிடித்திருந்தவை திருகுப் பூட்டுக்கள். குழாயைத் திருகினால் உள்ளே ஒரு வளையம் விரிந்து சுவரை அழுத்தும். அந்த உராய்வுதான் பிடிப்பு. நடக்கும்போது ஒவ்வோர் ஊன்றலிலும் கை கோலைச் சிறிது திருகிக்கொண்டே போகிறது. போதாததற்கு ஈரச் சேறு வேறு. நெம்பு பூட்டு உள்ள கோல்களில் ஒரு சிறு கைப்பிடியை மடக்கினால் பட்டை இறுகும். பூட்டியிருக்கிறதா இல்லையா என்பது கண்ணுக்கே தெரியும். நடப்பதால் கழன்று கொள்வதில்லை. பிடிப்புத் தளர்ந்தால் சிறு திருகாணி கொண்டு இறுக்கிக் கொள்ளலாம். கழுவுவதும் சுலபம். நடப்பதற்கும் பயன்படுத்துவதானால் நான் நெம்பு பூட்டையே பரிந்துரைப்பேன்.

பூட்டு நன்றாக இருந்தாலும் குழாய் வளையுமா என்ற கேள்வி இருக்கிறது. உங்கள் 30 சென்டிமீட்டர் பிளாஸ்டிக் அளவுகோலை மேசைமேல் நிமிர்த்தி, உச்சியில் விரலால் அழுத்துங்கள். சிறிது அழுத்தத்திலேயே வில்லாகிவிடும். பிறகு 15 சென்டிமீட்டர் அளவுகோல் ஒன்றை, அதே அகலமும் கனமும் உள்ளதாக, அவ்வாறே அழுத்திப் பாருங்கள். ஏறக்குறைய நான்கு மடங்கு அழுத்தம் தேவைப்படும். நீளம் பாதியானால் தாங்கும் சுமை நான்கு மடங்காகும் என்பதை 18-ஆம் நூற்றாண்டிலேயே கணித மேதை ஆய்லர் கண்டு சொல்லிவிட்டார்.

விட்டத்தின் விளைவு இதைவிடப் பெரிது. சுவரின் கனம் ஒன்றாகவே இருக்குமானால், குழாயின் விறைப்பு விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். மேல் கணு 28 மி.மீ., அடுத்தது 24, பிறகு 20, கடைசி 16 என்று உள்ள கோலில் மேல் கணு கடைசிக் கணுவைவிட ஐந்து மடங்குக்கு மேல் விறைப்பானது. ஐந்தாவதாக ஒரு கணு வேண்டுமென்றால் அது 12 மி.மீ. ஆக வேண்டும். முதல் கணுவின் விறைப்பில் பன்னிரண்டில் ஒரு பங்குகூட இராது! மடக்கினால் எவ்வளவு சிறிதாகிறது என்று பார்த்து மகிழ்கிறோமே, அதற்கு விலை இதுதான்.

இங்கே ஒரு நல்ல வசதி இருக்கிறது. நடக்கும் உயரமும் படம் எடுக்கும் உயரமும் ஒன்றல்ல. நடக்கும்போது முழங்கை செங்கோணமாக மடங்கும் உயரம் போதும். 165 சென்டிமீட்டர் உயரமுள்ளவருக்கு இது சுமார் 110. படம் எடுக்கும்போது காமிரா கண்ணுக்கு எட்ட வேண்டும். காமிராவின் உயரத்தைக் கழித்துவிட்டால் 145. எனவே நடக்கும்போது அடியிலுள்ள மெல்லிய கணுவை உள்ளே தள்ளிப் பூட்டிவிடுங்கள். தடித்த மூன்று கணுக்களே உங்கள் எடையைத் தாங்கும். நீளமும் குறைவதால் ஆய்லரின் கணக்குப்படி ஏறக்குறைய 1.7 மடங்கு வலுவும் கூடுகிறது. பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அடிக்கணுதான் கைக்கு எளிதாக எட்டுகிறது என்று அதை நீட்டிக்கொண்டு, மேல் கணுக்களை மடக்கி வைக்கிறார்கள்.

மூங்கிலும் லேத் பட்டறையும்

பெரியவர் கொடுத்த மூங்கிலை நான் வீட்டுக்கு எடுத்து வந்தேன். என் மாணவன் ஒருவனுடைய தந்தை லேத் பட்டறையில் வேலை செய்கிறார். மூங்கிலின் தலைக்குள் செருகுவதற்கு ஒரு பித்தளைப் புஷ் கடைந்து, அதன் நடுவில் கால் அங்குலத் திருகாணி ஒன்றைப் பொருத்திக் கொடுத்தார். காமிராக்களின் அடியிலுள்ள மரை பெரும்பாலும் உலகெங்கும் ஒரே அளவுதான்: கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 20 புரி. கைப்பேசியை மாட்டும் கவ்விகளிலும் இதே மரைதான். ஒன்றை மறக்க வேண்டாம்: திருகாணி காமிராவுக்குள் அரை சென்டிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. நீளமான ஆணியை வலிந்து திருகினால் காமிராவின் அடித்தகடு போய்விடும். மூங்கில் பிளக்காமல் இருக்கப் புஷ்ஷுக்குக் கீழே நைலான் நூலால் நெருக்கமாக வரிந்து கட்டினோம். மீனவர்கள் தங்கள் கழிகளுக்குச் செய்வது போலத்தான்.

மூங்கிலும் ஒரு குழாயே. உள்ளே வெற்றிடம், வெளியே விறைப்பான நார்கள், இடையிடையே குழாய் நசுங்காமல் காக்கும் கணுக்கள். அதிர்வை அலுமினியத்தைவிட விரைவாக அடக்கிவிடுகிறது; உப்புநீர் அதை அரிப்பதில்லை. ஏரிக்குப் பக்கத்து ஊரில் இருப்பவர்களுக்கு இதைவிட நல்ல கோல் தேவையில்லை என்பது என் கட்சி. ஆனால் மடங்காது. சென்னைக்குப் பேருந்தில் கொண்டுபோனால் நடத்துனர் முறைப்பார்.

மடங்கும் கோல்தான் வேண்டுமென்றால் நான்கு கணு அலுமினியம் போதும். மடக்கினால் 50 சென்டிமீட்டருக்கு அருகில் வரும். பள்ளிப்பையின் வாயிலிருந்து சற்றே எட்டிப் பார்க்கும், பரவாயில்லை. கார்பன் இழைக் கோல்கள் எடை குறைந்தவை, விறைப்பானவை, அரிக்காதவை. ஆனால் கல்லில் மோதி ஆழமாகக் கீறிவிட்டால், வளைந்து முன்னறிவிப்புத் தராமல் திடீரென்று முறியக்கூடும். விலையும் மாணவர்களுக்கு ஏற்றதல்ல. எதை வாங்கினாலும் கடையிலேயே ஒரு சோதனை செய்யுங்கள். நடக்கும் உயரத்துக்கு நீட்டிப் பூட்டி, ஒரு கையால் மேசையைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் கோலின் மேல் மெல்ல மெல்ல உடல் எடையை ஏற்றுங்கள். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். சறுக்கினால் அது காமிராவுக்கு மட்டும் உரிய கோல்.

அடிப்பாகத்தையும் கவனிக்க வேண்டும். ரப்பர்க் குமிழ் தார்ச்சாலைக்கும் பாறைக்கும் நல்லது. சேற்றில்? 3 சென்டிமீட்டர் விட்டமுள்ள குமிழின் பரப்பு 7 சதுர சென்டிமீட்டர். 20 கிலோ அழுத்தினால் சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 3 கிலோ. கோல் கரும்பு நட்டது போல் இறங்கிவிடும். நாங்கள் பாதித் தேங்காய்ச் சிரட்டையில் துளையிட்டு, கோலின் அடியில் குடைபோல மாட்டினோம். விட்டம் 10 சென்டிமீட்டர். பரப்பு பதினோரு மடங்கு. அழுத்தம் கால் கிலோவாகக் குறைந்துவிட்டது. பனிச்சறுக்குக் கோல்களின் அடியில் உள்ள வட்டத் தட்டும் இதே வேலையைத்தான் செய்கிறது. திரும்பி வந்ததும் கணுக்களை நீட்டி, நல்ல தண்ணீரில் கழுவி, நீட்டியபடியே உலர விடுங்கள். ஈரத்தோடு மடக்கினால் உள்ளே உப்புப் பூத்து, அடுத்த முறை கோல் திறக்காது.

சுவரில் ஒரு சோதனை

கோலின் பயனை நீங்களே அளந்து பார்க்கலாம். ஒரு சிறிய லேசர் விளக்கைக் காமிராவோடு, அல்லது இரண்டு கிலோ எடையுள்ள ஒரு மரக்கட்டையோடு, பட்டையால் இறுகக் கட்டுங்கள். யார் கண்ணிலும் ஒளி படாதவாறு, பத்து மீட்டர் தள்ளியுள்ள சுவரில் வரைபடத்தாள் ஒட்டி அதன்மேல் ஒளிப்புள்ளி விழச் செய்யுங்கள். முதலில் கையால் பிடித்து ஒரு நிமிடம் நில்லுங்கள். புள்ளி அலையும் பரப்பை நண்பன் பென்சிலால் வளைத்து வரையட்டும். பிறகு கோலின்மேல் வைத்துச் செய்யுங்கள். பத்து மீட்டரில் ஒரு மி.மீ. நகர்வது சுமார் 20 விகலை. எழுத்தைக் கெடுக்க ஐந்து விகலை, அதாவது கால் மி.மீ. போதும் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு பாருங்கள். இரண்டாம் நிமிடத்தில் புள்ளி பரபரப்பை விட்டு மெல்ல மிதப்பதையும், பக்கவாட்டில் மட்டும் சற்று அதிகமாக அலைவதையும் காண்பீர்கள். முழங்கைகளை விலாவோடு ஒட்டி மூன்றாம் முறை செய்து பாருங்கள்.

நிற்கும் விதமும் முக்கியம். கால்களை அகட்டி, கோலின் அடியை ஒரு முழம் முன்னே ஊன்றி, காமிராவை நெற்றியோடு சேர்த்துச் சற்றே அதன்மேல் சாயுங்கள். உங்கள் இரு கால்களும் கோலுமாக மூன்று கால்கள் ஆகிவிட்டன. இடக்கையால் கோலின் தலையைக் கீழ்நோக்கி அழுத்துங்கள். பாதி மூச்சை விட்டு நிறுத்தி, பொத்தானை மெல்ல அமுக்குங்கள். மூன்று நான்கு படங்கள் தொடர்ந்து எடுங்கள். அவற்றில் ஒன்று ஊசலின் திருப்புமுனையில், கோல் ஒரு கணம் அசையாதிருக்கும்போது, விழுந்திருக்கும். காமிராவைக் கோலில் மாட்டியபடியே நடக்காதீர்கள். ஒவ்வோர் ஊன்றலிலும் திருகாணி தளரும். நின்ற பிறகு மாட்டுங்கள்.

மூங்கில் கோலோடு மாசி மாதத்தில் மறுபடி ஏரிக்குப் போனோம். அதே பறவைதானா என்று தெரியாது. வளையம் அணிந்த பூநாரை ஒன்று கூட்டத்தின் ஓரமாக மேய்ந்துகொண்டிருந்தது. நான் முழங்கால் வலியோடு கரையில் உட்கார்ந்துவிட்டேன். முதலில் வளையத்தைக் கண்ட அந்த மாணவிதான் படம் எடுத்தாள். 1/125 விநாடி, முப்பது படங்கள். நான்கில் எழுத்துக்கள் தெளிவாக விழுந்திருந்தன. மூன்று எழுத்துக்களில் இரண்டைப் படித்துவிட்டோம். மூன்றாவதன்மேல் சேறு ஒட்டியிருந்தது.